ஊர்வலமாகத் தொடங்கிய சொல்

நான் படித்த ஒரு கட்டுரையில், 'பாம்ப்' (pomp) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வீண் ஆடம்பரம்' என்ற ஒற்றைப் பொருளைத் தந்துவிட்டு அதை எழுதியவர் கடந்துவிட்டார். ஆனால் அச்சொல்லின் தொடக்கத்தில் வீண் என்ற குறிப்பே கிடையாது. (தமிழில் எழுதினால் வெடிகுண்டு போலத் தோன்றுவது அதன் குற்றமன்று.) 'அனுப்பு' எனப் பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த 'பொம்பே' முதலில் வழியனுப்புதலையும் பிறகு ஊர்வலத்தையும் குறித்தது, பானதெனையா விழாவில் ஏதென்ஸ் நகரத்தார் அதீனா தேவிக்கென நெய்த ஆடையுடன் அக்ரோபொலிஸ் குன்றேறியதும் ஒரு பொம்பேதான். ரோமில் தேர்ப் பந்தயத்துக்கு முன் தெய்வ உருவங்களைச் சுமந்து சென்ற ஊர்வலத்துக்கு லத்தீனில் 'பொம்பா' என்று பெயர். அவ்வழிபாட்டை ஏற்காத தொடக்ககாலக் கிறித்தவர்கள் திருமுழுக்கின்போது (ஞானஸ்நானத்தின்போது) 'சாத்தானின் பொம்பா'வைத் துறப்பதாக உறுதி கூறினார்கள். சொல்லில் கறை படிந்தது பெரும்பாலும் இங்கேதான் என்று எண்ணுகிறேன், ஏனெனில் 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலிலும், திருமுழுக்குச் சடங்கில், 'வீண்' என்ற அடையோடுதான் இச்சொல் வருகிறது.

ஆயினும் பழைய மதிப்பு முற்றிலும் அழியவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடக நாயகனான படைத்தலைவன் ஒதெல்லோ போர்க்களத்துக்கு விடைகொடுக்கையில் இதே சொல்லை ஏக்கத்தோடு சொல்கிறான். அந்த வரியிலிருந்து 'பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்' என்று பெயர்பெற்ற, ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் 1901ஆம் ஆண்டு அணிவகுப்பிசை இன்றும் அமெரிக்கப் பட்டமளிப்பு விழாக்களில் ஒலிக்கிறது.

நம் 'ஆடம்பரம்' கூட வடமொழியில் ஒருவகை முரசையும் அதன் பேரொலியையும் குறித்த சொல்லே. எனவே முடிசூட்டு விழாச் செய்தியில் 'பாம்ப்' வந்தால் 'கோலாகலம்' என்றும், அதிலிருந்து வந்த 'பாம்பஸ்' (pompous) என்று ஒரு மனிதரைச் சொன்னால் மட்டும் 'பகட்டு' என்றும் பெயர்ப்பதே பொருந்தும்.