வடக்கில் முதலில் கட்ட வேண்டியது ஒரு பொதுச் சமையல்கூடம்

கனடாவின் வடகோடி ஊர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, பால் என்ன விலை, தக்காளி என்ன விலை என்பதோடு முடிந்துவிடுகிறது. அங்கேயே விளைவித்தும் சமைத்தும் விற்கிறவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இனுவிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே 200 கிலோமீட்டர். மூவாயிரம் சொச்சம் பேர். தெற்கிலிருந்து வர டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்ற ஜல்லிச் சாலை ஒன்றுதான். வழியில் பீல், மெக்கன்சி ஆறுகள். இரண்டுக்கும் பாலம் கிடையாது. கோடையில் படகு கடத்திவிடும், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே லாரி போகும். ஆறு உறையும்போதும் உடையும்போதும் சில வாரங்களுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. விமானத்தில் வருவதுதான் சரக்கு.

அந்த ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இடிக்கவிருந்த பழைய ஐஸ் ஹாக்கி அரங்கின் கூரைத் தகரத்தைக் கழற்றி, வெளிச்சம் புகும் தகடுகளைப் போட்டு, 1998-இல் பசுமைக்குடில் ஆக்கினார்கள். கீழ்த்தளம் முழுக்க மரச்சட்டம் அடித்து உயர்த்திய பாத்திகள். கோடையில் ஐம்பது நாளுக்கு மேல் சூரியன் மறைவதே இல்லை. கீரை மளமளவென்று வளர்கிறது.

ஆனால் விளைந்ததைச் சமைத்து விற்க ஒரு கடை வேண்டுமே? அங்கேதான் இடிக்கிறது. மண் நிரந்தரமாக உறைந்து கிடப்பதால், கட்டடத்தைத் தூண்கள் மேல்தான் நிறுத்த வேண்டும். தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பெட்டி போட்டு மூடி, தரைக்கு மேலே ஓடுகின்றன. அப்புறம் சூடேற்றும் செலவு. பானக் என்ற பூர்வகுடி ரொட்டியைப் பொரித்து விற்க நினைக்கும் ஒரு பெண் இத்தனையையும் தனியாகச் சுமக்க முடியுமா?

2011 முதல் நடக்கும் மத்திய அரசின் உணவு மானியம், பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும் பொருளுக்காகக் கடைகள் வழியாகப் போகிறது. 2020-இல் வேட்டைக்காரர்களுக்கும் உதவித்தொகை வந்தது. ரொம்பச் சரி. சமைக்கிறவருக்கு?

வேட்டை இறைச்சியை விற்கலாமா என்ற தயக்கம் இப்பகுதிப் பூர்வகுடிகளான இனுவியலூயிட் மக்களிடம் உண்டு. பங்கிட்டுக் கொடுப்பதுதான் அவர்கள் மரபு. அதில் தலையிட நாம் யார்? நான் சொல்வது ரொட்டி, பெர்ரி ஜாம், சூப் விற்கிறவர்களைப் பற்றி. இப்படிப்பட்ட ஊர்களில் அரசே சுகாதார அனுமதியோடு ஒரு பொதுச் சமையல்கூடமும் உறைகிடங்கும் கட்டி, மணிக்கணக்கில் குறைந்த வாடகைக்கு விடட்டும். ஆளுக்கொரு கடனைத் தலையில் கட்டுவதைவிட, அந்தப் பணத்தை இதில் போடலாம்.