வன்னியில் வாசிப்பு சாகவில்லை, புத்தகம்தான் வந்து சேரவில்லை

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளிலும் நூலகங்களிலும் மேடை போட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதே இல்லை, எல்லாம் போன்தான்" என்று பேசுவார்கள். பேசுகிறவர்களின் மனதில் பிழை இல்லை, அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் சொல்வது உண்மை இல்லை. எங்கள் வன்னியில் உண்மை இல்லை.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், லமினேற்றிங், ரீலோட், பாடசாலைக் கொப்பி பேனை. ஊர் என்ன வாசிக்கிறது என்பது நூலகத்துப் பதிவேட்டை விட என் மெசினுக்குக் கூடுதலாகத் தெரியும். நூலகத்தில் இருக்கிற புத்தகம்தான் பதிவேட்டில் வரும். இல்லாததைத் தேடுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

பாஸ்ட் பேப்பர்தான் பெரும்பகுதி. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில், ஓ.எல், ஏ.எல். இதைப்பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை, நாடு முழுக்க அதே கதை. மிச்சமாக வருகிற கொஞ்சப் பக்கங்களைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

கொரியன் படிக்கிற பெடியள் வருகிறார்கள். தென்கொரியாவுக்கு வேலைக்குப் போக 18 வயதில் இருந்து 39 வயது வரைக்கும் விண்ணப்பிக்கலாம், அதற்கு மொழிப் பரீட்சை ஒன்று இருக்கிறது. வாசிப்பும் கேட்டலும் கேள்வியாக வரும். தொழிற்சாலையில் தொங்குகிற எச்சரிக்கைப் பலகைகள்கூட அதில் உண்டு. ஓ.எல் உடன் பள்ளிக்கூடத்தை விட்டு, மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பி தன் கொப்பியைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்தான், கூடப் படிக்கிற சிநேகிதனுக்குக் கொடுக்க. இடப்பக்கம் கொரிய எழுத்து, நடுவில் தமிழில் உச்சரிப்பு, வலப்பக்கம் கருத்து. ஒவ்வொரு கோடும் அடிமட்டம் வைத்து அடித்தது. சிமெந்து பிடித்த விரலின் அடையாளம் ஓரங்களில் இருந்தது. பக்கங்கள் வந்துகொண்டிருக்கும்போது அவனே கதைக்கத் தொடங்கினான். "அக்கா, உவையின்ர எழுத்து 24தான் அடிப்படை. செஜோங் எண்டு ஒரு ராசா 1443இல உருவாக்கினவர். சனம் எல்லாம் வாசிக்கோணும் எண்டதுக்காகவே செய்தவராம்." இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டேன். "இல்லையக்கா, சும்மா வாசிச்சனான். போனிலதான். கொரியாவின்ர சரித்திரம் தமிழில புத்தகமா எடுக்கலாமோ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்டவன் பள்ளிக்கூடக் கணக்கில் "படிப்பு ஏறாத பெடியன்". பரீட்சைக்கென்று திறந்த கொப்பியில் இருந்து ஒரு ராசாவின் கதைக்கு அவன் தானாகவே போய்விட்டான். அடுத்த படியில் கால் வைக்க ஒரு புத்தகம் இல்லை, அவ்வளவுதான். இப்படி எத்தனை பேர் அந்தப் படியோடு நின்றுவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையில் கவலையாக இருக்கிறது.

கமக்காரர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள் அல்லவா, அந்த நேரம் என் கடைக்கு முன்னால் நின்ற சைக்கிள்களையும் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின்களையும் அவர்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வருடப் பெரும்போகத்துக்கு யூரியா இல்லை. தமிழ்நாட்டில் இருந்து வட்ஸ்அப்பில் வந்த, ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசலின் செய்முறைக் குறிப்பு கைக்குக் கை மாறி வந்தது. பத்துக் கிலோ மாட்டுச் சாணம், பத்து லீற்றர் கோமயம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லீற்றர் தண்ணீர். ஒரு ஐயா அதைப் பெரிய எழுத்தில் அடித்து வாங்கி, கடை வாங்கிலேயே இருந்து பேனையால் கோடு போட்டுப் போட்டு வாசித்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை, வெல்லத்துக்குப் பதிலா பனங்கட்டி போடலாமோ? ஏக்கருக்கு எவ்வளவு எண்டு இதில இல்லையே? நெல்லுக்கோ மரக்கறிக்கோ எண்டும் போடேல்லை." எழுதினவர் விட்ட இடத்தை எல்லாம் பிடித்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்கூட இப்படி வாசிப்பது குறைவு.

தடையை அந்த நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. நெல்லில் அறக்கொட்டியான் பூச்சி விழுந்தால் துண்டுப்பிரசுரம் தேடுகிறார்கள், சோளத்தில் சேனா படைப்புழு என்றால் தேடுகிறார்கள். விவசாயத் திணைக்களம் "கமத்தொழில் விளக்கம்" என்று தமிழில் ஒரு சஞ்சிகையே வெளியிட்டு வந்திருக்கிறது, நல்ல சரக்கு அதில் உண்டு. பழைய பிரதி ஒன்று கடைக்கு வந்தபோது அதில் கச்சான் பற்றிய பக்கங்களை மட்டும் எத்தனையோ பேர் பிரதி எடுத்தார்கள். ஒவ்வொரு கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் பத்துப் பிரதி மேசையில் இருந்தால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், வீட்டில் பிள்ளைகளும் எடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, இதெல்லாம் தேவைக்கு வாசிப்பது, ஆசைக்கு யார் வாசிக்கிறார்கள் என்று கேட்பீர்கள்.

2022 செப்டெம்பரில் பொன்னியின் செல்வன் படம் வந்தது. கல்கி அதை 1950இல் இருந்து 1954 வரை வாரா வாரம் எழுதினார். எழுபது வருடம் கழித்து இங்கே ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் பி.டி.எப் தேடி வந்தார்கள். ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். முழுதாக அடித்தால் தாங்க முடியாத காசு. ஒரு தங்கச்சி சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தாள், இரண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரு பக்கமாக்கி, தாளின் இரு புறமும். அவள் வாசித்து முடித்த கட்டு தொழிற்சாலை பஸ்ஸில் அடுத்த சீற்றுக்குப் போய்விடும். மூன்றாம் பாகத்துக்கு வந்தபோது அவளோடு இன்னும் நாலு பேர் காசு சேர்த்திருந்தார்கள். நந்தினி நல்லவளா கெட்டவளா என்று என் கடையில் நின்றே சண்டை. படத்தில் சொன்னதும் கதையில் உள்ளதும் ஒன்றில்லை என்று கண்டுபிடித்தபோது அவர்கள் முகத்தில் இருந்த சந்தோசத்தை எந்த வாசிப்பு மாத மேடையிலும் நான் பார்த்ததில்லை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கக்கூடிய புத்தகத்தை நான் முழுதாக அடித்துக் கொடுப்பதில்லை. எழுதினவருக்கும் அச்சடித்தவருக்கும் போக வேண்டிய காசு அது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் "கடையில் வாங்குங்கோ" என்று சொல்லும்போது எனக்கே மனம் சுடும். எந்தக் கடையில்? எங்கள் பக்கத்துப் புத்தகக் கடைகளில் கொப்பியும் வழிகாட்டி நூலும் வினாத்தாள் தொகுப்பும்தான், கதைப் புத்தகத்துக்கு ஒரு தட்டு இருந்தால் பெரிய விசயம். யாழ்ப்பாணம் போக வேண்டும், அறுபது கிலோமீற்றருக்கு மேல், ஒரு நாள் சம்பளம் போய்விடும். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியபோது இந்தியப் புத்தகத்தின் விலையும் ஏறியது, இங்கே அச்சடிக்கிற தாளின் விலையும் ஏறியது. அந்த வருடம் தாள் இல்லாமல் பத்திரிகைகளே பக்கத்தைக் குறைத்தன. அதற்குப் பிறகு புத்தகம் வாங்குவது எங்கள் வீடுகளில் நினைத்துப் பார்க்கிற செலவாக இல்லை.

நான் இதை எழுதத் தொடங்கியதற்கு முக்கிய காரணம் வேறு ஒரு புத்தகம். "நிலக்கிளி". அ. பாலமனோகரன் எழுதியது, 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை. குளம், காடு, வயல், வேட்டை, கதிராமன், பதஞ்சலி. வன்னி மண்ணில் இருந்து வந்த நாவல் என்றால் முதலில் சொல்லப்படுகிற பெயர்களில் ஒன்று. அதை முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கடையில் வாங்கிக் காட்டுங்கள் பார்ப்போம். என் கண்ணில் படவில்லை. 2005இல் தொடங்கின "நூலகம்" என்ற இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது, அவர்களுக்குக் கோடி புண்ணியம்.

அதை அடித்து வாங்க ஒரு பெண் வந்தார். தாய் தண்ணிமுறிப்புப் பக்கத்து ஆள், 1984 கடைசியில் அந்தச் சுற்றுவட்டார ஊர்களை எல்லாம் வெளியேற்றியபோது இடம்பெயர்ந்து வந்தவர். அம்மாவுக்குக் கண் சரியில்லை, எழுத்தைப் பெருப்பித்துத் தாருங்கள் என்றார். பெருப்பித்தும் அம்மாவால் வாசிக்க முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. ஏழாம் ஆண்டு படிக்கிற பேத்தி பின்னேரங்களில் வாசித்துக் காட்டினாளாம். அம்மாச்சி ஒரு வசனத்துக்கு ஒருக்கால் நிறுத்தி, "அந்த வாய்க்கால் உந்தப் பக்கம் இல்லை, குளக்கட்டால இறங்க வலக்கைப் பக்கம்" என்று திருத்தம் சொல்லுவாவாம். பேத்தி தாளின் ஓரத்தில் பென்சிலால் படம் கீறி வைத்திருக்கிறாள், குளம் எங்கே, வாய்க்கால் எங்கே, அம்மாச்சியின் வீடு எங்கே என்று. எனக்குக் காட்டக் கொண்டுவந்தாள். அந்தப் பிள்ளை அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது "இப்படி எங்கட இடத்தைப் பற்றி வேற என்ன கதை இருக்கு" என்று கேட்கிறாள். பரந்தன் குமரபுரத்துத் தாமரைச்செல்வியின் சிறுகதைகளைச் சொன்னேன். வயலும் இடப்பெயர்வும் எங்கள் பெண்களின் பாடும் அவர் எழுத்தில் அப்படியே இருக்கும். "எங்கே எடுக்கலாம்" என்று திரும்பவும் அதே கேள்வி.

நூலகத்தில் எடுக்கலாமே என்பீர்கள். பிரதேச சபை நூலகங்கள் இருக்கின்றன, நல்ல கட்டடங்கள்கூட வந்துவிட்டன. ஆனால் பல இடங்களில் பகலில்தான் திறந்திருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்து ரியூசன் முடிந்து வர ஆறு மணி. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான். அடுத்தது அங்கத்துவப் படிவம். அதையும் நான்தான் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன், அதனால் நன்றாகத் தெரியும். பிணையாளர் கையொப்பம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. போரில் கணவனை இழந்து, காணி உறுதி இன்னும் சரிவராமல், கூலி வேலை செய்கிற ஒரு தாய் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஆர் தங்கச்சி பிணை நிப்பினம்?" என்று படிவத்தை மடித்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். மகளுக்குக் கதைப் புத்தகம் எடுக்கத்தான் வந்தவர். ஒரு புத்தகம் தொலைந்தால் நூலகத்துக்கு என்ன நட்டம் வந்துவிடும்? அந்தப் பிள்ளைக்கு வாசிப்பே தொலைந்துவிட்டது. நூலகர்களைக் குறை சொல்லவில்லை, தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். விதியை மாற்றக்கூடியவர்கள் சபை உறுப்பினர்கள். வாக்குக் கேட்டு வரும்போது ரோட்டையும் வாய்க்காலையும் கேட்கிற நாங்கள் இதையும் கேட்க வேண்டும்: பிள்ளைகளுக்குப் பிணை வேண்டாம், கிழமையில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும்.

அதோடு எங்கள் சனசமூக நிலையங்கள். அங்கே பேப்பர் வாசிக்க வருகிற பெரியவர்கள் இன்னும் வருகிறார்கள். காலையில் ஒரு பேப்பர் நாலாகப் பிரிந்து நாலு கைக்குப் போகிறது. அதே அறையில் ஒரு அலுமாரி, கையெழுத்து வாங்காமல் எடுத்துப் போகிற ஐம்பது புத்தகம். பெரிய நூலகம் தேவையில்லை. வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் நிறையச் செய்கிறார்கள், அதை மறக்க மாட்டேன். ஆனால் பெட்டி பெட்டியாக வருகிற புத்தகங்களைத் திறந்து பார்த்தவள் என்ற முறையில் அன்போடு ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களையும் பழைய கணினிப் புத்தகங்களையும் அனுப்ப வேண்டாம். கப்பல் காசுக்கு இங்கேயே தமிழ்ப் புத்தகம் வாங்கலாம், ஈழத்து எழுத்தாளர்களின் புத்தகத்தையே வாங்கலாம். வாங்குவதற்கு முன்னால் வாசிக்கப் போகிறவர்களிடம் கேளுங்கள். நான் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். லாண்ட்மாஸ்டர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது பற்றிப் படத்தோடு ஒரு புத்தகம். எந்தப் பாம்பு விசம், எது விசமில்லை என்று சொல்கிற புத்தகம். கொரியாவின் சரித்திரம். கேக் ஐசிங். சித்திரக்கதைகள், எவ்வளவு வந்தாலும் காணாது. இரணைமடுக் குளத்தைக் கட்டின கதை. "நிலக்கிளி", பெரிய எழுத்தில். எல்லாவற்றையும் விடக் கூடுதலாகக் கேட்டது பேய்க்கதை, சின்னவர்களும் கேட்டார்கள், பென்சன்காரரும் கேட்டார்கள். அதையும் சேர்த்து வாங்குங்கோ.