புதுப் புத்தகம் வாங்காததற்கு ஒரு விளக்கம் (கடைசித் தடவை)

நேற்று என் விளையாட்டு மேசைப் படத்தின் கீழே பழைய புத்தகத்தைப் பற்றி நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு மறுபடியும் கதை சொல்லத் தேவையில்லை. பார்க்காதவர்கள் போய்த் தேடவும் வேண்டாம், அரைவாசிக் கொமென்டுகளை நான் மறைத்துவிட்டேன்.

சனிக்கிழமை டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டீ அன்ட் டீ, ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து டைஸ் உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு) விளையாடி முடித்துவிட்டு மேசையைப் படமெடுத்துப் போட்டேன். நாலு கரெக்டர் ஷீட் (பாத்திரத்தின் விபரம் எழுதும் தாள்), ஆறிப்போன தேத்தண்ணி, கலண்டர் மட்டையில் நானே வெட்டிச் செய்த டீ.எம். (கதையை நடத்துபவர்) மறைப்பு, நடுவில் 2014ஆம் ஆண்டு விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹான்ட்புக். அவ்வளவுதான். அதற்கு ஒருவர் வந்து, "மச்சான், பத்து வருசப் பழசை வைச்சுக்கொண்டு யாழ்ப்பாணத்தில டீ அன்ட் டீ எண்டு படம் காட்டாத, வெட்கமா இருக்கு" என்று எழுத, அதற்கு 38 லைக். அந்த 38 பேரில் வாழ்க்கையில் ஒருதரமாவது இருபதுமுக டைஸ் உருட்டியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஒரு கை விரல் போதும், அதிலும் மிச்சம் வரும்.

சரி, ஒருதரம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். 2024இல் வந்த புதுப் பதிப்பை நான் வாங்கப்போவதில்லை. புதுப் புத்தகம் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு இப்போது தேவையில்லை என்கிறேன். இது இரண்டும் வேறு வேறு வசனம். தமிழில் எட்டாம் வகுப்போடு தெரிந்திருக்க வேண்டிய வித்தியாசம்.

"வாசிக்காமல் கதைக்கிறாய்" என்று இருவர் எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டுத்தான் கதைக்கிறேன். 2025 ஏப்ரலில் புது விதிகளின் அடிப்படைப் பகுதியை எஸ்.ஆர்.டி. 5.2 என்ற பெயரில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விளையாட்டை வெளியிடும் கொம்பனிக்காரரே இலவசமாக விட்டார்கள். சட்டப்படி, ஒரு சதம் கொடுக்காமல் யாரும் இறக்கலாம். மூன்று இரவு போனில் வாசித்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். நல்ல விசயங்கள் இருக்கின்றன, ஏன் மறைப்பான்? மருந்துக் குப்பி குடிக்க முழு அக்ஷன் (ஒரு முறையில் செய்யும் முக்கிய வேலை) செலவழிக்கத் தேவையில்லை, போனஸ் அக்ஷன் (அதோடு சேர்த்துச் செய்யும் சின்ன வேலை) போதும். களைப்பு விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, களைப்பின் ஒவ்வொரு படிக்கும் உருட்டலில் 2 குறையும், நடை வேகமும் குறையும். காயம் ஆற்றும் கியூர் வூன்ட்ஸ் மந்திரத்துக்கு இப்போது இரண்டு எட்டுமுக டைஸ், முந்தி ஒன்று. பைட்டர் (வெறும் ஆயுதச் சண்டைக்காரன்) சும்மா "வெட்டுறன், வெட்டுறன்" என்று இருக்காமல் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு தந்திரம் வந்திருக்கிறது, பெரிய வாளால் அடித்துத் தவறினாலும் கொஞ்சம் காயம் விழும். மருந்துக் குப்பி விதியை நாங்கள் போன மாதமே எங்கள் மேசைக்கு எடுத்துவிட்டோம். ஓம், அதைப் படத்தில் காணமுடியாதுதான்.

ஆனால் எங்கள் பலடினைக் (தெய்வ சக்தியோடு சண்டை பிடிக்கும் வீரனாக விளையாடுபவனை) கேளுங்கள். பழைய விதியில் அடி விழுந்தவுடன் டிவைன் ஸ்மைட் என்று காயத்துக்கு மேலதிக டைஸ் அள்ளுவான், ஒரே முறையில் இரண்டு தரமும் செய்வான். புதியதில் அது ஒரு மந்திரம், போனஸ் அக்ஷன் கேட்கும், ஒரு முறைக்கு ஒன்றுதான். சமநிலைக்கு அது நல்லதென்று எனக்கே விளங்குகிறது. எட்டு மாதமாக அவன் அந்த ஒரு தருணத்துக்காகத்தான் கோண்டாவிலில் இருந்து சைக்கிளில் வருகிறான் என்பதும் எனக்குத் தெரியும். அவனிடம் போய் "தம்பி, கனடாவில் ஒருவருக்கு வெட்கமா இருக்காம், அதால உன்ர அடியைக் குறைக்கிறன்" என்று நான் சொல்ல வேண்டுமா?

அதைவிட, எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி அரை எல்ஃப் (பாதி மனிதர், பாதி எல்ஃப் என்ற கற்பனை இனம்) ஆக விளையாடுகிறாள். புதுப் புத்தகத்தில் பத்து இனங்கள் இருக்கின்றன, அரை எல்ஃப் இல்லை, அரை ஓர்க்கும் இல்லை. இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "பழைய புத்தகத்தில் இருப்பதை எடுத்து விளையாடலாம்தானே, இரண்டும் ஒத்துப்போகும்." நல்லது. அப்படியென்றால் பழைய புத்தகம் மேசையில் இருக்கத்தானே வேண்டும்? பிறகு எதற்கு ஐயா வெட்கம்?

இனிக் காசு. இதைப் பற்றி எழுதவே எனக்கு விருப்பமில்லை, எழுதினால் உடனே "பாவம்" என்பார்கள். ஆனாலும் கணக்கைப் போட்டுவிடுகிறேன். ஒரு புத்தகம் 50 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 15,000. விளையாடுபவர் புத்தகம், டீ.எம். புத்தகம், பூதங்களின் புத்தகம் என்று மூன்றும் வேண்டும், 45,000. அதற்குமேல் கப்பல் கூலி, வரி. அதற்கும் மேல் பெட்டி எப்போது வரும், எந்த மூலை நசுங்கி வரும் என்ற கவலை. முன்பொருதரம் ஒரு டைஸ் செட்டுக்கு ஒரு கவுண்டரில் இரண்டு மணித்தியாலம் நின்று "இது சூதாட்டச் சாமான் இல்லை" என்று விளங்கப்படுத்தியவன் நான். "அப்ப இருபது பக்கம் எதுக்கு?" என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். எங்கள் அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

காசு இருந்தாலும் வாங்கமாட்டேன் என்பதுதான் நான் சொல்லவருவது. தயவுசெய்து இந்த வரியை இரண்டுதரம் வாசியுங்கள்.

உயர்தரம் படிக்கும்போது ரியூசனில் ஒரு சேர் புதிய பதிப்பு வாங்கினால்தான் வகுப்புக்கு வரலாம் என்றார். அம்மா இரண்டு கிழமை இழுத்து வாங்கித் தந்தா. நானும் பக்கத்து வாங்கு பெடியனும் பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தோம். அட்டை மாறியிருந்தது, முன்னுரையில் ஒரு பந்தி கூடியிருந்தது, அதால் பக்க எண்கள் எல்லாம் இரண்டு தள்ளிப் போயிருந்தன. அவ்வளவுதான். சேர் "பக்கம் 64" என்பார், பழையது வைத்திருப்பவன் 62ஐத் திறக்க வேண்டும். அந்த இரண்டு பக்க வித்தியாசத்துக்காக அவனை வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று அந்த 38 லைக்கைப் பார்த்தபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

டீ அன்ட் டீ அப்படியில்லை, உண்மையிலேயே மாறியிருக்கிறது, அதை மேலே நானே சொல்லிவிட்டேன். ஆனால் இந்த விளையாட்டின் சரித்திரத்தைப் பாருங்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்களாக விட்டது. 1989இல் இரண்டாம் பதிப்பு, 2000இல் மூன்றாவது, 2003இல் மூன்றரை (ஓம், அரை!), 2008இல் நாலாவது, 2014இல் ஐந்தாவது. 2024இல் வந்ததற்கு ஆறு என்று பெயர் வைக்கவும் மனமில்லை, ஐந்து என்று விடவும் மனமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் பழையதோடு தங்கிவிட்டது, வானம் இடிந்து விழவில்லை. நாலாவது பிடிக்காதவர்களுக்காக மூன்றரையின் விதிகளில் இருந்தே 2009இல் பாத்பைன்டர் என்று ஒரு தனி விளையாட்டே வந்தது. அவர்களிடமும் போய் வெட்கம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

எங்கள் ஊரிலேயே 304 என்ற சீட்டு விளையாட்டு இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு மாதிரி விளையாடுவார்கள், இரண்டு ஒழுங்கை தள்ளிப் போனால் வேறு மாதிரி, பெரியப்பா வீட்டுக் கலியாணத்தில் இதற்காகவே சண்டை வந்து ஒருவர் சாப்பிடாமல் போனார். ஆனால் யாராவது "அண்ணை, உங்கட 304 பழைய பதிப்பு" என்று சொன்னார்களா?

"நீங்கள் வாங்காவிட்டால் விளையாட்டை எழுதுபவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. மரியாதையான கேள்வி. எழுதுபவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொம்பனிமேல் கொஞ்சம் உண்டு. 2023 ஜனவரியில் இருபது வருசத்துக்கு மேலாக இருந்த திறந்த உரிமத்தை (மற்றவர்களும் அந்த விதிகளை வைத்து எழுதி விற்கலாம் என்ற அனுமதியை) மாற்றப் பார்த்தார்கள், வரைவு வெளியில் கசிந்தது, உலகம் முழுக்கச் சத்தம் போட்டபிறகு பின்வாங்கி, அந்த மாதக் கடைசியில் பழைய விதிகளின் அடிப்படையை கிரியேட்டிவ் கொமன்ஸில் விட்டார்கள். 2024 ஓகஸ்டில் அவர்களுடைய இணையச் சேவையில் பழைய மந்திரங்களைப் புதியவற்றால் மாற்றப்போகிறோம் என்றார்கள், மறுபடி சத்தம், மறுபடி பின்வாங்கல். காசு கொடுத்து வாங்கியவனின் ஷீட்டில் இருப்பதே அவனைக் கேட்காமல் மாறக்கூடும் என்றால், என் மேசையில் இருக்கும் கடதாசிதான் எனக்கு நம்பிக்கை. அதை யாரும் இரவோடு இரவாக அப்டேட் பண்ண முடியாது.

"அப்ப உங்கட போட்டோக்கொப்பிகள்?" என்ற கேள்விக்கு: ஓம், ஆரம்பத்தில் இருந்தன. சுருள் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தோம். சரியென்று சொல்லவில்லை. அடுத்த விசயத்துக்குப் போவோம்.

2022 மார்ச் கடைசி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோல் வரிசை, பால்மா இல்லை. அப்போது எங்களிடம் ஒரு முழு டைஸ் செட்டுத்தான், மற்றவர்கள் பழைய பால்மா ரின்னுக்குள் 1 முதல் 20 வரை எழுதின துண்டுகளைக் குலுக்கி எடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் இரண்டு மெழுகுதிரி. அப்போதைய பலடின் உருட்டின டைஸ் மேசையால் விழுந்து ஆட்டுக்கல்லுக்கு அடியில் போய்விட்டது. ஐந்து வளர்ந்த மனிதர்கள் நிலத்தில் குப்புறப் படுத்து, நாலு வீதம் சார்ஜ் இருந்த போனின் வெளிச்சத்தில் பார்க்கிறோம். கல்லோடு சாய்ந்து நிற்கிறது. ஒரு பக்கம் 20, பக்கத்து முகம் 2. அவன் இருபது என்கிறான், நான் இரண்டு என்கிறேன், சண்டை. அம்மா தும்புத்தடியோடு வந்து "இந்த ஒரு குண்டுமணிக்கோ இவ்வளவு சத்தம்" என்று இழுத்து வெளியில் விட்டா. வெளியில் வந்தது 14. எல்லாரும் 14ஐ ஏற்றுக்கொண்டோம். எந்தப் பதிப்பில் எந்தப் பக்கத்தில் இதற்கு விதி இருக்கிறது என்று புதுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் சொல்லட்டும், இன்றைக்கே வாங்குகிறேன்.

இவ்வளவும் எழுதியபிறகு, மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கொமென்டை எழுதியவன் யாரோ இல்லை. படத்தில் இருந்த அந்தப் புத்தகமே அவனுடையது. 2016இல் முதன்முதலில் எங்களை உட்காரவைத்து விளையாட்டுக் காட்டியவன் அவன்தான். 2018இல் போகும்போது பெட்டியில் நிறை கூடிப்போச்சு என்று பலாலி வீதியில் வாகனத்துக்குள் இருந்தபடியே எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போனான். அதன் முதுகு இரண்டுதரம் பிரிந்து, சந்தைக்குப் பக்கத்தில் கொப்பி கட்டும் ஒரு ஐயாவிடம் கொடுத்து நைலோன் நூலால் தைத்து வைத்திருக்கிறேன். சண்டை விதிகள் வரும் அத்தியாயத்தில் ஓரத்தில் நீலப் பேனையால் அவன் கையெழுத்தில் இருக்கிறது: "பயப்படுத்து, கொல்லாதே." நான் டீ.எம். ஆக இருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வரியைப் பார்த்துத்தான் தொடங்குவேன். 384 பக்கப் புதுப் புத்தகத்தில் அந்த வரி இல்லை, நான் தேடவும் போவதில்லை.

கொமென்டைக்கூட விட்டுவிடலாம், ஸ்காபரோக் குளிரில் என்னவோ நினைத்து எழுதியிருப்பான். இரவு இன்பொக்ஸுக்கு வந்து "காசுதான் பிரச்சினை எண்டா சொல்லு, நான் மூண்டையும் வாங்கி கார்கோவில போட்டு விடுறன்" என்றான் பாருங்கள், அதுதான். அவன் நல்ல மனதோடுதான் கேட்டான், தெரியும். அவன் போனதிலிருந்து நான் அவனுடைய மேசையை விடாமல் நடத்துகிறேன், அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, யார் இப்போது விளையாடுகிறார்கள், அவன் தொடங்கிவைத்த கதையில் அந்த மூழ்கின கோயிலுக்குள் கடைசியில் என்ன இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. அட்டையைத்தான் பார்த்திருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை. மூன்றுதரம் எழுதி மூன்றுதரமும் அழித்துவிட்டேன்.

இந்தக் கதை முடிந்து எல்லாரும் புதுக் கதை தொடங்கும்போது, குழு ஒன்றாக இருந்து புது விதிக்குப் போவோம் என்று சொன்னால், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு புத்தகம் வாங்கலாம். அதைக்கூட நான் மறுக்கவில்லை. எங்கள் காசில், எங்களுக்குத் தோன்றும்போது. இப்போது ஒன்பதாம் லெவலில் நிற்கிறார்கள், பாலத்துக்குக் கீழே எதோ அசைகிறது, நடுவில் நிறுத்தி "பொறுங்கோ, உலகத்தின் விதி மாறிவிட்டது" என்று சொல்ல என்னால் ஏலாது.

இனிக் கீழே வந்து பதிப்பைப் பற்றி எழுதுபவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. (சொல்வேன், என்னை எனக்குத் தெரியும்.)

மற்றப்படி, இந்தச் சனிக்கிழமையும் பின்னேரம் நாலு மணிக்குத்தான். பென்சில் கொண்டுவாருங்கள், போனமுறை எல்லாரும் என்னுடையதைத்தான் பிடுங்கினீர்கள். என்னுடைய நீல இருபதுமுக டைஸை யாரோ பொக்கெற்றில் போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள், அதை எடுத்துப்போனவர் பேசாமல் மேசையில் வைத்துவிட்டால் நான் யாரென்று கேட்கமாட்டேன்.