எல்சாட் தேர்வு உண்மையில் எளிதாகிவிட்டதா?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான எல்சாட் தேர்விலிருந்து தர்க்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டதால் தேர்வு எளிதாகிவிட்டது என்று இத்தேர்வு குறித்து வெளியான ஒரு கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. படம் வரைந்து விடை காண வேண்டியிருந்த அப்பகுதி பார்வையற்ற தேர்வர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது என்பதும், அது குறித்த வழக்கில் 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டைத் தொடர்ந்தே 2024 ஆகஸ்டு முதல் கைவிடப்பட்டது என்பதும் கட்டுரையில் அவசியம் இடம்பெற்றிருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக இரண்டாவது தர்க்க வாதப் பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. சிறு பத்தி ஒன்றைப் படித்து, அதை எழுதியவர் சொல்லாமலே நம்பியிருக்கும் அனுமானம் எது, எந்தப் புதிய தகவல் அந்த வாதத்தைத் தளர்த்தும் என்று 35 நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 25 முறை முடிவெடுப்பது, என் பார்வையில், புதிர்களைவிடக் கடினமானது. புதிர்களின் வகைகள் குறைவு என்பதால் பலர் அவற்றைப் பயிற்சியால் வசப்படுத்தினர்; வாசிப்பில் உள்ள கவனக்குறைவோ சில வாரங்களில் நீங்குவதில்லை. போதாக்குறைக்கு, புதிய வினாக்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக வைக்கப்படும், மதிப்பெண்ணில் சேராத பகுதி எதுவென்று தேர்வருக்குத் தெரியாததால் நான்கு பகுதிகளிலும் ஒரே கவனம் தேவைப்படுகிறது.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதையும் கட்டுரை குறிப்பிடவில்லை. முதன்முறை எழுதுவோர் எந்த வினாவையும் விடையளிக்காமல் விட்டுவிட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். 120 முதல் 180 வரையிலான மதிப்பெண் அளவுகோலில் ஓரிரு சரியான விடைகள்கூடத் தரவரிசையை மாற்றக்கூடும்.