பள்ளி சொல்ல வேண்டியது ஒரு தேதி

கொரோனா காலத்தில் பள்ளிகளிலிருந்து வந்த செய்திகள் பழைய வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். "மாணவர் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியுள்ளது. அனைத்து முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன. பெற்றோர் பதற்றமடைய வேண்டாம்." அவ்வளவுதான். எந்த வகுப்பு, அந்த மாணவர் கடைசியாக என்றைக்கு வந்தார், என் பிள்ளையை நாளைக்கு அனுப்பலாமா என்று ஒன்றும் இருக்காது. பதற வேண்டாம் என்ற வரியைப் படித்த பிறகுதான் பலர் பதறவே ஆரம்பித்தார்கள்.

தமிழ்நாட்டில் பள்ளிகளைத் திறப்பதும் மூடுவதுமாக இரண்டு வருடம் போனது. 2021 ஜனவரி 19-ல் 10, 12-ஆம் வகுப்புகள். இரண்டாம் அலை முடிந்து செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை, நவம்பர் 1-ல் 1 முதல் 8 வரை. ஒமைக்ரானுக்காக மூடி 2022 பிப்ரவரி 1-ல் மறுபடி. ஒவ்வொரு முறையும் முகக்கவசம், இடைவெளி, நெற்றியில் காட்டும் வெப்பமானி என்று பேசினோம். தொற்று வந்துவிட்டால் வீட்டுக்கு என்ன எழுதி அனுப்புவது என்பதைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. அடுத்த தொற்று வருவதற்குள் அதையாவது சரிசெய்து வைக்கலாம் என்பதுதான் என் வாதம்.

பெற்றோருக்கு முதலில் தேவை எண்ணிக்கை இல்லை, தேதி. நோயுற்றவர் கடைசியாகப் பள்ளிக்கு வந்த தேதி. கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவும். ஒரு பிள்ளைக்குத் திங்கள் மாலை காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சனிக்கிழமையும் கணக்கில் வரும். அன்று பள்ளி இருந்ததா, சிறப்பு வகுப்பு இருந்ததா? செவ்வாய் பரிசோதனை, புதன் இரவு முடிவு, வியாழன் காலை தலைமை ஆசிரியர் மேசைக்குத் தகவல், மதியம் கடிதம் தட்டச்சு, வெள்ளிக்கிழமை குழுவில் செய்தி. ஒமைக்ரான் உடலுக்குள் போய் அறிகுறி காட்ட எடுத்துக்கொண்டது சுமார் மூன்று நாள். அதாவது வெள்ளிக்கிழமை வரும் செய்தி, பக்கத்து பெஞ்சு பிள்ளைக்கும் காய்ச்சல் வந்த பிறகு வருகிறது. செய்தி தவறில்லை, ஆனால் எதற்கும் பயனில்லை.

ஆகவே ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. வருகைப் பதிவு கையில் இருக்கிறது. 40 பேர் வகுப்பில் வழக்கமாக இரண்டு பேர் வராமல் இருப்பார்கள். ஒரு நாள் ஏழு பேர் வரவில்லை, அதில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் என்றால், அன்று மாலையே "இந்த வகுப்பில் காய்ச்சல் விடுப்பு கூடியிருக்கிறது, பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். நோயின் பெயர் கூட வேண்டாம். இதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: விடுப்பு எடுத்தவரின் காரணத்தை வகுப்பாசிரியர் தனியாக ஒரு நோட்டில் எழுதுவது. வருகைப் பதிவு செயலியில் வந்தார், வரவில்லை என்று தொடுவது மட்டும் போதாது.

அந்த நோட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? அறிகுறி தொடங்கிய நாள், பரிசோதனை எடுத்த நாள், கடைசியாக வந்த நாள், உட்கார்ந்த இடம், வந்துபோகும் வேன் அல்லது ஆட்டோ, அதே பள்ளியில் படிக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கை. கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 6-ஆம் வகுப்பில் தம்பிக்குத் தொற்று என்று அந்த வகுப்புக்கு மட்டும் செய்தி போகும். அதே வீட்டு அக்கா 11-ஆம் வகுப்பில் மறுநாள் செய்முறைத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள். வகுப்பில் ஆறடி இடைவெளி விட்டு உட்காரவைத்த பிள்ளைகள் மாலையில் ஒரே ஆட்டோவில் எட்டுப் பேராக நெருக்கியடித்து வீட்டுக்குப் போனார்கள். ஆறடிக்குள் 24 மணி நேரத்தில் மொத்தம் 15 நிமிடம் இருந்தால் நெருங்கிய தொடர்பு என்று அன்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் முதலில் வருவது ஆட்டோதான், வகுப்பறை பிறகு.

இப்போது ஊர் நிலவரம். அன்றாடம் மாலை சுகாதாரத் துறை வெளியிட்ட மாவட்டப் பட்டியலை அப்படியே குழுவில் தள்ளிவிட்ட பள்ளிகள் நிறைய. 2011 கணக்கெடுப்பிலேயே கோவை மாவட்டத்தில் 34 லட்சத்துக்கு மேல் மக்கள். வால்பாறையில் இருக்கும் பள்ளிக்கு மாவட்டத்தின் மொத்த எண் என்ன சொல்லும்? சென்னையில் 15 மண்டலங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள், அது கொஞ்சம் உதவியது. மற்ற ஊர்களில் பள்ளிக்கு நல்ல வழி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர். வாரம் ஒருமுறை அவரிடம் இரண்டு எண் மட்டும் கேட்டால் போதும்: கடந்த ஏழு நாளில் நம் பகுதியில் எத்தனை பேருக்குப் பரிசோதனை, அதில் எத்தனை பேருக்குத் தொற்று.

இரண்டும் ஏன் வேண்டும் என்றால், ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 60,000 பேர் உள்ள ஊரில் ஒரு வாரம் 420 பரிசோதனை, 42 தொற்று. லட்சத்துக்கு 70, பரிசோதித்தவர்களில் 10 சதவீதம். அடுத்த வாரம் 28 தொற்று. குறைந்துவிட்டது என்று பள்ளி எழுதும். ஆனால் அந்த வாரம் எடுத்த பரிசோதனையே 200தான் என்றால், விகிதம் 14 சதவீதம். குறைந்தது பரிசோதனை, நோய் கூடியிருக்கவே வாய்ப்பு. "இதுவரை மொத்தம் 14 பேர்" என்று ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போவதும் இப்படித்தான். அது ஒருபோதும் இறங்காத எண், பயத்தைத் தவிர வேறு எதையும் தராது. இந்த வாரம் புதிதாக எத்தனை பேர், அவர்கள் ஒரே வகுப்பா, வெவ்வேறு வகுப்பா. அது போதும்.

இன்னொரு கணக்கு. ஊரில் 200 பேருக்கு ஒருவர் தொற்றோடு இருக்கிறார், தொற்று எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி கலந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 பேர் உள்ள அறையில் ஒருவராவது தொற்றோடு இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். 40 பேர் அறையில் 18. 600 பேர் படிக்கும் பள்ளியில் 95. அந்த நிலையில் "நம் பள்ளியில் தொற்று இல்லை" என்று எழுதுவது பொய்யாகிவிடும். "இன்று வரை நமக்குத் தகவல் வரவில்லை" என்று எழுதலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெற்றோருக்குப் புரியாது என்று நினைக்கிறவர்கள், பெற்றோரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

யாருக்கு முதலில் சொல்வது என்பதில் வரிசை முக்கியம். முதலில் நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்து, "இன்று மாலை வகுப்புக்குச் செய்தி போகும், பெயர் இருக்காது, வாசகம் இதுதான்" என்று படித்துக்காட்ட வேண்டும். அடுத்து பெஞ்சிலும் ஆட்டோவிலும் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் போன். பிறகு வகுப்புக்கு, பிறகு மற்றவர்களுக்கு. எல்லாம் ஒரே மாலைக்குள். செய்தியில் பெயர், ஆணா பெண்ணா, தெரு எதுவும் வேண்டாம். 30 பேர் மட்டும் படிக்கும் சின்னப் பள்ளியில் வகுப்பைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அங்கே பள்ளி முழுவதற்கும் ஒரே செய்தி போதும்.

இதில் விட்டுக்கொடுத்தால் அடுத்த வீட்டார் மறைப்பார்கள். தெருவை அடைத்துத் தகரம் அடித்ததையும் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியதையும் யாரும் மறக்கவில்லை. அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் பயம் ஊறிவிட்டது. தினக்கூலி வீட்டில், தொற்று என்று சொன்னால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். எனவே பள்ளி கைமாறாக எதையாவது தெளிவாகத் தர வேண்டும்: இந்த நாட்களுக்காக வருகையில் குறைக்க மாட்டோம், பாடக் குறிப்பு வீடு தேடி வரும், தவறவிட்ட தேர்வைத் தனியாக வைப்போம். ஒத்துழைப்பு தாருங்கள் என்று மட்டும் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

செய்தி போய்ச் சேருகிறதா என்பது தனிக் கதை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் பள்ளியின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். பள்ளி அனுப்பிவிட்டதாக நினைக்கும், பாதிப் பேருக்குப் போயிருக்காது. குழு என்றால் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டி வையுங்கள். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் கபசுரக் குடிநீருக்கும் யார் பிள்ளை என்ற விசாரணைக்கும் நடுவில் செய்தி மேலே போய் மறைந்துவிடும். எஸ்எம்எஸ் எல்லாப் போனுக்கும் போகும், ஆனால் தமிழில் ஒரு செய்திக்கு 70 இடம்தான். புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். "தொற்று" என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஆறு. "8பி வகுப்பில் ஒருவருக்குத் தொற்று. கடைசியாக வந்தது திங்கள் 7." இது சுமார் 60 இடம். பள்ளியின் பெயரையும் செய்ய வேண்டியதையும் சேர்த்தால் இரண்டு மூன்று எஸ்எம்எஸ் கட்டணம். மொத்தமாக அனுப்புவதற்கு வாசகத்தை முன்கூட்டியே தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி (DLT) பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தொற்று வந்த அன்று இரவு உட்கார்ந்து புது வாசகம் எழுதினால் அது போகாது.

நேரமும் ஒன்றுதான்: மாலை ஏழு. காலை ஆறு மணிக்குச் சித்தாள் வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு முற்பகல் பதினொரு மணிச் செய்தியால் என்ன பயன்? வீட்டில் ஒரே போன் என்றால் அது பிள்ளையின் கையில்தான் இருக்கும், செய்தியை முதலில் படிப்பதும் பிள்ளைதான். அந்த வீடுகளுக்கு அரை நிமிடக் குரல் அழைப்பு நல்லது. திருப்பூர் போன்ற ஊரில் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு பதிவு வைத்துக்கொள்ளலாம். வாசல் கேட்டில் ஒரு கரும்பலகை, தேதி போட்டு. கேட்டில் கிருமிநாசினி அடிக்கும் படத்தை அனுப்புவதற்குப் பதில், சன்னல் எத்தனை திறந்திருக்கிறது என்று எழுதினால் காற்றில் பரவும் நோய்க்கு அதுதான் தகவல்.

வாரம் ஒரு நாள், தொற்று இல்லாவிட்டாலும், "இந்த வாரம் தகவல் ஏதும் இல்லை" என்று அனுப்ப வேண்டும். முடிந்ததையும் சொல்ல வேண்டும்: "8-பி வகுப்பில் 14 நாள் முடிந்தது, புதிதாக யாருக்கும் இல்லை." இந்தக் கடைசிச் செய்தியை அனுப்பிய பள்ளி அபூர்வம். அது வராததால் அந்த வகுப்பு இன்னும் ஆபத்து என்று மாதக்கணக்கில் நினைத்த வீடுகள் உண்டு.

ஒத்திகைக்குப் பெருந்தொற்று வர வேண்டியதில்லை. பொன்னுக்குவீங்கி போதும். கன்னம் வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து வீங்கிய பின் ஐந்து நாள் வரை பரவும், அடுத்த பிள்ளைக்குத் தெரிய 12 முதல் 25 நாள் ஆகும். இந்த வருடம் முதன்முதலாகக் கன்னம் வீங்கி ஒரு பிள்ளை விடுப்பு எடுக்கும் அன்று, மாலை ஏழு மணிக்கு அந்த வகுப்பு வீடுகளுக்கு இப்படிப் போகட்டும்: "4-ஏ வகுப்பில் ஒருவருக்குப் பொன்னுக்குவீங்கி. கடைசியாக வந்தது புதன் 12. அடுத்த மாதம் 7-ஆம் தேதி வரை பிள்ளையின் கன்னத்தையும் காதோரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீங்கினால் ஐந்து நாள் வீட்டில் வைத்து, வகுப்பாசிரியருக்குப் போன் செய்யுங்கள்." மறுநாள் காலை எத்தனை வீட்டுக்கு இது போய்ச் சேரவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.