வாளி இல்லாத தாமிர ஆலை

தாமிர உருக்காலை என்றதும் எல்லோருக்கும் உயரமான புகைபோக்கி நினைவுக்கு வரும். எனக்கு வாளிதான் வரும். உருகிய மேட்டை உலையில் பிடித்து, கிரேனில் தூக்கிப் போய், காற்று ஊதி அதைத் தாமிரமாக்கும் கன்வெர்டர் உலைக்குள் கவிழ்க்கிற ராட்சத வாளி. (மேட் என்பது தாமிரமும் இரும்பும் கந்தகமும் கலந்த உருகல்.) இடைவிடாமல் உருக்கித் தாமிரமாக்கும் தொடர் உருக்கு முறையைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் டன் கணக்கில்தான் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வாளியை ஒழித்ததுதான் அதன் பெரிய காரியம்.

ஏன் என்று சொல்கிறேன். 100 ஆண்டுகளுக்கு மேலாக உலகில் புழங்கும் பியர்ஸ்-ஸ்மித் கன்வெர்டர் ஒரு படுத்த உருளை. மேட்டை ஊற்றவும், மேலே மிதக்கும் கழிவான கசடை வடிக்கவும், தாமிரத்தை எடுக்கவும் ஒவ்வொரு முறையும் அதை உருட்ட வேண்டும். உருட்டினால் வாய் புகைமூடியை விட்டு விலகும். சல்ஃபர் டை ஆக்சைடு கூடத்துக்குள் பரவும். வாளியில் போகிற மேட்டும் வழியெல்லாம் புகைந்துகொண்டே போகும். இந்தப் புகை புகைபோக்கிக்கே போவதில்லை, அங்கே வேலை செய்கிறவர்களின் தொண்டைக்குத்தான் போகிறது.

இன்னொரு தலைவலி, அந்த வாயுவைக் கந்தக அமிலமாக்கும் அமில ஆலைக்கு. கன்வெர்டரில் காற்று ஊதும்போது வாயு வரும், நிறுத்தினால் வராது. அமில ஆலைக்கோ வாயு ஒரே சீராக வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வினையூக்கி அடுக்குகளின் சூடு நிலைகுலையும். ஒரு டன் தாமிரம் எடுத்தால் ஏறக்குறைய மூன்று டன் கந்தக அமிலம் கிடைக்கும். அந்த வகையில் உருக்காலை என்பதே அமில ஆலைதான், தாமிரம் கூடவே வருகிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஜப்பானில் நவோஷிமா தீவில் மிட்சுபிஷி நிறுவனம் 1974இல் வணிக அளவில் ஓட்டிய முறை இதற்கு ஒரு விடை. தாதுவை உருக்கும் உலை, கசடு பிரிக்கும் மின் உலை, மேட்டைத் தாமிரமாக்கும் கன்வெர்ட்டிங் உலை, கடைசியில் தாமிரத்தைச் சுத்திகரிக்கும் ஆனோடு உலை. ஒன்றைவிட ஒன்று தாழ்வாக இருக்கும், நடுவில் மூடிய சாய்வான வாய்க்கால்கள். உருகல் தன் எடையிலேயே வழிந்து அடுத்த உலைக்குப் போய்விடும். மேலிருந்து இறங்கும் லான்ஸ் குழாய்கள் தாதுச் செறிவையும் ஆக்சிஜன் கூட்டிய காற்றையும் உருகலின் மேல் பாய்ச்சும். குழாயின் முனை உருகலில் மூழ்காது, ஆனாலும் எரிந்து தேயும். தேயத் தேயக் குழாயைக் கீழே இறக்குவார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? அப்படியானால் இது ஏன் 1974க்கு வெகு முன்பே வரவில்லை? எனக்குத் தெரிந்தவரை முக்கியமான தடை கசடு. மேட்டை இடைவிடாமல் தாமிரமாக்க வேண்டுமானால் உலைக்குள் ஆக்சிஜன் அழுத்தம் எப்போதும் அதிகமாகவே இருக்கும். அந்த நிலையில் இரும்பு மேக்னடைட் என்ற திட ஆக்சைடாக மாறும். வழக்கமான சிலிக்கா கசடு அதைக் கரைத்து வைத்துக்கொள்ளாது. கசடு கஞ்சிபோல இறுகிவிட்டால் அப்புறம் வழிவதெங்கே? சிலிக்காவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைச் சேர்த்தபோதுதான் வழி பிறந்தது. கால்சியம் ஃபெரைட் கசடு மேக்னடைட்டை நன்றாகவே கரைத்து, தண்ணீர் போல ஓடும்.

ஆனால் ஓடுகிற கசடு சும்மா ஓடாது. உலைச் செங்கல்லின் இண்டு இடுக்குக்குள் புகுந்து அரிக்கும். அதனால் சுவருக்குள் நீர் ஓடும் தாமிரக் குளிர்விப்புக் கட்டைகளை வைக்க வேண்டியதாயிற்று. போதாததற்குத் தாமிரத்தையும் அந்தக் கசடு ஆக்சைடாக அள்ளிக்கொண்டு போகும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் தாமிரம் உள்ள கசடை யார் வெளியே கொட்டுவார்கள்? நீரில் குருணையாக்கி, உலர்த்தி, மறுபடி முதல் உலைக்கே அனுப்புகிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு வாய்க்கால் உறைந்தாலும், அமில ஆலை படுத்தாலும் எல்லா உலையும் காத்திருக்க வேண்டும். பழைய ஆலையில் ஒரு கன்வெர்டர் பழுதானால் பக்கத்துக் கன்வெர்டர் தாங்கும். இந்தப் பயத்துக்கு மாற்றாக, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கென்னகாட் ஆலை 1995இல் வேறு வழியில் போனது. அங்கே மேட்டை உறையவைத்துக் குருணையாக்கி, அரைத்து, சேமித்து, வேண்டும்போது, தூளை ஆக்சிஜனோடு நொடியில் எரிக்கும் ஃபிளாஷ் உலைக்குள் ஊதுகிறார்கள். அங்கேயும் வாளி இல்லை, சங்கிலியும் இல்லை. உருக்கிய சூட்டை வீணாக்கி மறுபடி சூடாக்குவது எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஓர் உலை நின்றபோதும் மற்றது ஓடலாம் என்று யோசித்தபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் நான் வாய்க்கால் கட்சிதான். அதை ஓட்டுகிறவர்களின் வேலையை எண்ணிப் பாருங்கள். உருகல் மாதிரி எடுத்து, மேட்டில் தாமிரம் எவ்வளவு, கசடில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்த்து, ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி, சுண்ணாம்பைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி மாதிரி எடுப்பார்கள். எங்கோ ஒரு வளைவில் பர்னர் அணைந்திருந்தால் ஓடி, வாய்க்கால் உறைவதற்குள் பற்றவைப்பார்கள். தலைக்கு மேலே கிரேன் மணி மட்டும் அடிக்காது.