வெட்டிய ஜுசாரா பனை துளிர்க்காது

"பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் ஜுசாரா பனையைக் குருத்துக்காக வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும், காடு துண்டுதுண்டானாலும் அதற்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. பக்கக் கன்று விடுவது அதன் உறவான அசாயி பனை. ஜுசாராவுக்கு ஒரே தண்டு, தென்னை மாதிரி, குருத்தை எடுத்தால் மரமே போச்சு. அப்புறம் விதை. பழத்தை முழுசாக விழுங்கி விதையைத் தள்ளிப் போடுவது டூக்கான் போன்ற பெரிய பறவைகள். அவை இல்லாமல் போன துண்டுக் காடுகளில் சிறு பறவைகளின் வாயில் நுழையும் சின்ன விதைகளே மிஞ்சுகின்றன, 12 மில்லிமீட்டரைத் தாண்டியவை காணோம் என்று 2013இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. சின்ன விதை சீக்கிரம் காய்ந்தும் போகும். பிரேசில் அரசின் அழியும் ஆபத்திலுள்ள தாவரப் பட்டியலில் 'யூட்டர்ப்பே எடுலிஸ்' என்ற அதன் அறிவியல் பெயரில் தேடிப் பாருங்கள், இருக்கிறது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.